சிங்கப்பூர்ல டாக்கர் ஆப் ஓட்ட, காசும் கம்மியாகணும், சைட்டும் படுக்கக்கூடாது: குபெர்னடீஸ் தேவையா?

ரெண்டு பேர் டீம், டாக்கர்ல (ஆப்பையும் அதுக்கு வேணுங்கறதையும் ஒரே கன்டெய்னர் பொட்டியா கட்டற கருவி) ஒரு வெப் ஆப், யூஸர்ஸ் எல்லாம் இங்கதான்னு சொல்லியிருக்கீங்க. அப்படின்னா நிறைய கன்டெய்னர மேய்க்கற சிஸ்டமான குபெர்னடீஸ் வேண்டாங்க. ஏடபிள்யூஎஸ்ஸோட (அமேசான் கிளவுட்) குபெர்னடீஸ் சர்வீஸான இகேஎஸ்ல ஒரு கிளஸ்டர் சும்மா இருக்கறதுக்கே மணிக்கு 10 அமெரிக்க சென்ட், மாசத்துக்கு 70 டாலருக்கு மேல போயிடும், அதுக்கப்புறம் வெர்ஷன் அப்கிரேடு வேலை வேற உங்க தலையில. அவங்களோட சொந்த கன்டெய்னர் சர்வீஸான இசிஎஸ்ல அந்த சார்ஜ் கிடையாது, அதையே அவங்களோட ஃபார்கேட்ல ஓட்டினா சர்வரையும் பார்த்துக்க வேணாம்.

ஒரே கட்டடத்த மட்டும் நம்பாதீங்க. 2024 செப்டம்பர்ல சிங்கப்பூர் லோயாங்ல ஒரு டேட்டா சென்டர்ல லித்தியம் பேட்டரி தீப்பிடிச்சு அலிபாபா கிளவுடோட ஒரு ஸோனே (மத்ததுலேர்ந்து பிரிச்சு வச்ச டேட்டா சென்டர் தொகுதி) அடிவாங்குச்சு. ஏடபிள்யூஎஸ்க்கு சிங்கப்பூர்ல 3 ஸோன் இருக்கு, அதனால பெரிய கன்டெய்னர் ஒண்ணுக்கு பதிலா சின்னதா ரெண்டு, வேற வேற ஸோன்ல போடுங்க. கூட்டம் ஏறும்போது மட்டும் ஃபார்கேட் ஸ்பாட் (அமேசான்கிட்ட மிச்சமா இருக்கற இடத்த மலிவா தர்றது), 70% வரைக்கும் விலை குறையும், ஆனா ரெண்டு நிமிஷ நோட்டீஸ்ல புடுங்கிடுவாங்க. நான் பார்த்துக்கற தேக்கா பலகாரக் கடை ஆர்டர் ஆப்ல தீபாவளி வார கூட்டத்த இப்படித்தான் சமாளிக்கறோம், சிக்டெர்ம் (மூடச் சொல்ற சிக்னல்) வந்ததும் புது ரிக்வெஸ்ட் எடுக்காம கையில இருக்கற ஆர்டர முடிச்சிட்டு மூடற மாதிரி எழுதியிருக்கோம், ஸ்டாப் டைமவுட் (அந்த சிக்னலுக்கப்புறம் வலுக்கட்டாயமா மூடறதுக்கு முன்னாடி தர்ற நேரம்) டீஃபால்ட்டா 30 செகண்ட்தான், அத 120க்கு ஏத்திடுங்க.

இப்ப பில் விஷயம். கன்டெய்னர விட அதச் சுத்தி இருக்கறதுதான் காசத் தின்னும். முக்கியமா நேட் கேட்வே (உள் நெட்வொர்க்ல இருக்கற கன்டெய்னர் வெளிய பேசற வழி), அதுக்கு மணிக்கும் காசு, ஜிபிக்கும் காசு, ஸோனுக்கு ஒண்ணுன்னு வச்சா ரெட்டிப்பு. புது வெர்ஷன் ஏத்தற ஒவ்வொரு டெப்ளாய்க்கும் இசிஆர்லேர்ந்து (அமேசானோட டாக்கர் இமேஜ் கிடங்கு) இறங்கற இமேஜ் லேயர் எல்லாம் உண்மையில எஸ்3லேர்ந்துதான் (அமேசானோட ஃபைல் ஸ்டோரேஜ்) வருது, அது நேட் வழியா போனா வீண் செலவு, நேட்ட தொடாம நேரா எஸ்3க்கு போற எஸ்3 கேட்வே என்ட்பாயின்ட் ஃப்ரீதான், முதல் நாளே போட்டுடுங்க. அங்க மிச்சம் பிடிச்ச காச டேட்டாபேஸ மல்டி ஏஸெட் (வேற ஸோன்லயும் ஒரு நகல் ரெடியா நிக்கறது) ஆக்கறதுல போடுங்க. கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு ஆகும், இருந்தாலும் அதுல கஞ்சத்தனம் பண்ணாதீங்க, டேட்டாபேஸ் படுத்தா எத்தன கன்டெய்னர் இருந்தும் பிரயோஜனமில்ல.

டிராஃபிக் எப்பவாவதுதான் வரும்னா கூகுளோட கன்டெய்னர் சர்வீஸான கிளவுட் ரன் பாருங்க, ஸோன் பிரிக்கறத அதுவே பார்த்துக்கும், ஆள் இல்லாதப்ப ஜீரோவுக்கும் இறங்கும். முதல் ரிக்வெஸ்ட் லேட்டாகுதுன்னா மினிமம் இன்ஸ்டன்ஸ் 1னு வச்சு ஒரு கன்டெய்னர எப்பவும் ஓட விடுங்க.

இன்னொண்ணு, ஹெல்த் செக்குக்குள்ள (கன்டெய்னர் நல்லாருக்கான்னு சிஸ்டம் அடிக்கடி கேக்கற சோதனை) டேட்டாபேஸ் குவரி வைக்காதீங்க. டேட்டாபேஸ் கொஞ்சம் திணறினாலே எல்லா கன்டெய்னரும் ஒரே நேரத்துல ஃபெயில் காட்டும், நல்லா இருக்கறதையும் சேர்த்து கொன்னுட்டு ரீஸ்டார்ட் பண்ணிட்டே இருக்கும். ப்ராசஸ் உயிரோட இருக்கான்னு மட்டும் பார்க்கட்டும், டேட்டாபேஸுக்கு தனியா அலாரம் வைங்க.