அம்போனில் கிராம்பு கிழித்த கோடு

கேள்வி: இந்தோனேசியாவின் அம்போன் தீவில் 1999-இல் கிறித்தவர்களும் முஸ்லிம்களும் மோதிக்கொண்டதற்கு ஐரோப்பியரின் கிராம்பு வணிகமே காரணம் என்று ஒரு கூட்டத்தில் பேசக் கேட்டேன். நானூறு ஆண்டுகளுக்கு முந்தைய வணிகத்துக்கும் அந்தக் கலவரத்துக்கும் தொடர்பு இருக்க முடியுமா?
— ஒரு வாசகர், தூத்துக்குடி

பதில்: தொடர்பு உண்டு, ஆனால் அது ஒன்றே காரணம் என்பதை நான் ஏற்கமாட்டேன். போர்த்துக்கீசியர் வருவதற்கு முன்பே தீவின் வடபகுதியான ஹித்துவில் ஜாவா வணிகர்கள் வழியாக இஸ்லாம் வேரூன்றியிருந்தது. உங்கள் முத்துக்குளித்துறையில் ஊழியம் செய்த புனித சவேரியாரே 1546-இல் அம்போனுக்கும் சென்று, அங்கிருந்த கிறித்தவ ஊர்களில் போதித்தார். பின்னர் போர்த்துக்கீசியர் தென்பகுதியில் கோட்டை கட்டினர். அந்தக் கோட்டையை 1605-இல் ஒல்லாந்தர் கைப்பற்றியபோது அவர்களுக்குத் துணை நின்றவர்கள் ஹித்து முஸ்லிம்கள்தாம் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. அன்று எதிரியையும் நண்பனையும் தீர்மானித்தது மதம் மட்டுமன்று.

நிலைமையை மாற்றியது ஏகபோகம். சோழமண்டலக் கரையில் நெய்த துணிகளைக் கொடுத்துக் கிராம்பை வாங்கிய ஒல்லாந்தரின் கிழக்கிந்திய நிறுவனம், விளைந்தது முழுவதையும் தான் குறித்த விலைக்குத் தனக்கே விற்க வேண்டும் என்றது. கூடுதல் விலை கொடுத்த மக்காசார் வணிகர்களுக்கு ஹித்து மக்களும், அருகிலுள்ள செராம் தீவின் ஹோமோல் தீபகற்பத்தாரும் விற்றபோது, அது கள்ளக்கடத்தலாகக் கருதப்பட்டுப் போராக மூண்டது. ஹித்து மக்களின் கடைசி அரணான கப்பஹஹா 1646-இல் வீழ்ந்தது. 1650-களில் ஹோமோலின் கிராம்பு மரங்கள் வெட்டி வீழ்த்தப்பட்டு, மக்களும் வேரோடு பெயர்த்து அகற்றப்பட்டனர். அம்போனிலும் அதை அடுத்த சிறு தீவுகளிலும் மட்டுமே கிராம்பு விளையலாம் என்றாயிற்று. பிற இடங்களில் முளைத்த மரங்களை அழிக்க ‘ஹொங்கி’ எனப்பட்ட படகுப் படை ஆண்டுதோறும் புறப்பட்டது. தம்மைப் போன்ற குடியானவர்களின் மரங்களை வெட்டச் செல்லும் அப்படகுகளுக்கு அம்போன் கிராமத்தாரே துடுப்பு வலிக்க வேண்டியிருந்தது. இதைவிடக் கொடிய கட்டாய ஊழியத்தை என்னால் எண்ணிப் பார்க்க இயலவில்லை.

போர்த்துக்கீசியரிடம் கத்தோலிக்கரான ஊர்களை ஒல்லாந்தர் தங்கள் புராட்டஸ்டன்டு சீர்திருத்தச் சபைக்கு மாற்றினர். பிற்காலத்தில் பள்ளி, அரசுப் பணி, காலனியப் படை ஆகிய மூன்றிலும் கிறித்தவர்களே முன்னுரிமை பெற்றதால், மதம் என்பது ஆட்சியோடு நெருக்கமா விலக்கா என்பதன் அடையாளமாகிவிட்டது. 1950-இல் அம்போனை உள்ளடக்கிய தென் மலுக்கு தனிக் குடியரசு என்று அறிவிக்கப்பட்டபோது அதன் பின்னால் பெரிதும் நின்றவர்கள் அப்படையின் வீரர்கள். மறு ஆண்டு அவர்களும் குடும்பத்தாருமாக ஏறத்தாழ 12,500 பேர் நெதர்லாந்துக்குக் கப்பலேற்றப்பட்டனர்.

எனினும் 1999 ஜனவரி 19-இல், ஈகைத் திருநாளன்று, ஒரு சிற்றுந்தையொட்டி எழுந்த தகராறு தீவையே எரித்ததற்கு அண்மைக் காரணங்களும் உண்டு. சுலவேசிப் பகுதியிலிருந்து பூட்டோன், புகிஸ் முஸ்லிம்கள் பெருமளவில் குடியேறியமை, அரசு வேலைகளுக்கான போட்டி, 1998-இல் இந்தோனேசிய அதிபர் சுகார்த்தோவின் ஆட்சி சரிந்தபின் காவலின்றிப் போனமை ஆகியவற்றை ஒதுக்கிவிட்டுப் பழியைக் கிராம்பின்மேல் போடுவது, இறந்துபோன ஆயிரக்கணக்கானோருக்கு நியாயம் செய்வதாகாது. 2002 பிப்ரவரியில் சுலவேசியின் மாலினோ என்னும் ஊரில் இரு தரப்புக்கும் இடையே அமைதி உடன்பாடு கையெழுத்தான பிறகும் வன்முறை உடனே அடங்கவில்லை.

கேள்வி: அம்போனில் இரு மதத்தாரையும் இணைக்கும் மரபு எதுவும் இல்லையா?
— அதே வாசகர்

பதில்: உண்டு. ‘பேலா’ என்பது ஊருக்கும் ஊருக்கும் இடையே செய்துகொள்ளும் சகோதர உறுதி. இதில் ஓர் ஊர் முஸ்லிம் ஊராகவும் மற்றது கிறித்தவ ஊராகவும் இருக்கலாம். உடன்பிறந்தவர்களாகிவிடுவதால் சில வகைப் பேலாவில் இரு ஊராரும் தமக்குள் மணவுறவு கொள்வதில்லை. மசூதி கட்டக் கிறித்தவரும் தேவாலயம் கட்ட முஸ்லிமும் உழைப்பது இதன் கடமைகளுள் ஒன்று. ஆனால் இந்த உறுதி பழங்குடி ஊர்களுக்கு இடையே மட்டுமே செய்யப்பட்டது. பின்னாளில் வந்து குடியேறிய பூட்டோன் மக்களுக்கும் புகிஸ் மக்களுக்கும் அதில் இடமிருக்கவில்லை.