முதுகிலேயே இருக்கட்டும்

கேள்வி: விறகு அடுக்கின் அடியில் பிடித்த கருந்தேளை நாலு மாதமாக மீன்தொட்டியில் வளர்க்கிறேன். நேற்றுப் பார்த்தால் முதுகு முழுக்க வெள்ளைக் குஞ்சுகள். "தாயைத் தின்றுவிடும், பிரித்து வை" என்கிறார் பாட்டி. பிரஷால் தள்ளி வேறு டப்பாவில் விடலாமா? என்ன தீனி போடுவது?
- பெயர் வேண்டாம் என்றவர், ஆரியங்காவு

பதில்: முதலில் அந்தப் பிரஷைக் கீழே வையுங்கள்.

குஞ்சு தாயின் வயிற்றைக் கிழித்துக்கொண்டு வரும் என்று என் பாட்டியும் சொன்னதுண்டு. பாட்டிகள் பாவம், தேளுக்குப் பிரசவம் பார்த்தவர்கள் இல்லை. நடப்பது தலைகீழ். தொந்தரவு பொறுக்காமல் குஞ்சைத் தின்பது தாய்தான். மணிக்கொரு தடவை மூடியைத் திறந்து டார்ச் அடித்து போட்டோ எடுத்தால், அந்தப் பாவத்தில் பாதி உங்கள் கணக்கு.

தேள் முட்டையிடுவதில்லை, குட்டி போடுகிறது. மாதக்கணக்கில் சுமக்கும். ஆக, நீங்கள் பிடித்தபோதே அது சூலியாக இருந்திருக்கும். பிறந்த குட்டிகள் தாயின் கால் வழியாக முதுகேறி, பொரி ஒட்டியது போல அப்பிக்கொள்ளும். தோல் இன்னும் இறுகியிருக்காது. கருவில் கிடைத்த சத்தே உடம்பில் இருப்பதால் தீனி எதுவும் தேவையில்லை. ஒன்றிரண்டு வாரத்தில் முதுகிலேயே முதல் தோலை உரிக்கும், நிறம் ஏறும், அப்புறம் தானாக இறங்கும். அதற்கு முன் பிரித்தால் பிழைப்பது கஷ்டம்.

தாயைக் கவனியுங்கள். ஒதுங்க ஓர் ஓட்டுத்துண்டு, காலடியில் ஈரமண். குடிக்கத் தண்ணீரை ரப்பர் பால் பிடிக்கும் சிரட்டையில் வைக்காதீர்கள், அது ஆழம். பாட்டில் மூடி போதும், உள்ளே ஒரு கூழாங்கல். சில நாளுக்கு ஒரு சின்னக் கரப்பான் போடுங்கள், மருந்தடித்த வீட்டுக் கரப்பான் மட்டும் வேண்டாம். தின்னவில்லை என்றால் மறுநாளே எடுத்துவிடுங்கள். இறங்கிய குட்டிகளுக்கு அவற்றைவிடச் சின்னப் பூச்சி.

சரி, கருந்தேள்தான் என்று உறுதியா? நண்டுக்கு இருப்பது போல இடுக்கி தடித்திருந்தால் பெரும்பாலும் அதுதான். இடுக்கி மெலிந்து, உடல் செம்பழுப்பாக, வால் தடித்திருந்தால் செந்தேள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அது உயிரை எடுக்கக்கூடியது. மகாராஷ்டிரத்தில் மகாட் என்ற சிற்றூரில் டாக்டர் ஹிம்மத்ராவ் பவஸ்கர், ரத்த அழுத்தத்துக்குத் தரும் பிரசோசின் மாத்திரையைக் கொண்டு செந்தேள் கடிக்கு வைத்தியம் செய்து காட்டிய பிறகுதான் சாவு குறைந்தது. 2022இல் அவருக்குப் பத்மஸ்ரீ. எந்தத் தேள் கொட்டினாலும் மந்திரிக்கப் போகாமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். குழந்தை என்றால் ஒரு நிமிடமும் தாமதிக்க வேண்டாம்.

அப்புறம், தொட்டியின் மூடி. தேளால் கண்ணாடியில் ஏற முடியாது என்று நிம்மதியாக இருப்பீர்கள். மூலையில் கண்ணாடியை ஒட்டிய சிலிக்கான் பசை இருக்கிறதே, அதைப் பற்றிக்கொண்டு ஏறிவிடும்.