லாக் மெசேஜில் கிளாஸ் பெயரைக் கையால் எழுத வேண்டுமா?

கேள்வி: ராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலை ஒன்றுக்கு சரக்கு இருப்பைப் பார்க்கும் ஸ்டாக் அப்ளிகேஷன் எழுதுகிறோம். ஜாவா, ஸ்பிரிங் பூட், லாக் எழுத லாக்பேக் லைப்ரரி. ஒவ்வொரு லாக் மெசேஜும் (ப்ரோக்ராம் ஓடும்போது எழுதிவைக்கும் குறிப்பு) கிளாஸ், மெதட் பெயரோடு தொடங்க வேண்டும் என்கிறார் டீம் லீட். அவசியமா? – காட்பாடி வாசகர்

பதில்: வேண்டாம். கையால் எழுதிய பெயர் சீக்கிரமே பொய்யாகிவிடும். மெதட்டுக்கு வேறு பெயர் வைப்பீர்கள். மேற்கோளுக்குள் இருக்கும் பழைய பெயர் அப்படியே கிடக்கும். மாலை லோடு ஏறும் நேரத்தில் லாக்கைத் திறப்பவர், இல்லாத மெதட்டைத் தேடிக்கொண்டிருப்பார்.

கிளாஸ் பெயர் சும்மாவே கிடைக்கிறது. லாகரை (லாக் எழுதும் ஆப்ஜெக்ட்) உருவாக்கும்போது கிளாஸைக் கொடுக்கிறீர்கள் அல்லவா, ஸ்பிரிங் பூட்டின் வழக்கமான பேட்டர்ன் (லாக் வரியின் வடிவம்) அதையே அச்சிடுகிறது. சொதப்பல் நடப்பது ஓரிடத்தில்தான்: வேறு ஃபைலிலிருந்து லாகர் வரியைக் காப்பி செய்து, கிளாஸை மாற்ற மறப்பது. லாகர் வரியைத் தானே உருவாக்கித் தரும் லாம்பாக் லைப்ரரியின் எஸ்எல்எஃப்4ஜே (@Slf4j) அனோட்டேஷன் போட்டால் அந்தத் தொல்லையும் இல்லை.

மெதட் பெயருக்கு விலை உண்டு. பேட்டர்னில் சதவீதக் குறியோடு பெரிய எம் போட்டால் மெதட் பெயர் வரும். (சின்ன எம் என்றால் மெசேஜ், ஷிஃப்ட் விட்டுப்போனால் மெசேஜே இரண்டு முறை வரும்.) ஆனால் அந்தப் பெயரைக் கண்டுபிடிக்க, லாக்பேக் ஒவ்வொரு வரிக்கும் ஸ்டாக் ட்ரேஸ் (எந்த மெதட் எதை அழைத்தது என்ற பட்டியல்) எடுக்கிறது. டெவலப்மென்டில் இருக்கட்டும், ப்ரொடக்ஷனில் எடுத்துவிடுங்கள். அசிங்க் அப்பெண்டர் (லாக்கைத் தனி த்ரெட்டில் எழுதுவது) வைத்திருந்தால் பெயருக்குப் பதில் கேள்விக்குறி நிற்கும். அதன் 'இன்க்லூட் காலர் டேட்டா' (includeCallerData) செட்டிங்கை ட்ரூ ஆக்கினால்தான் பெயர் வரும், கூடவே அந்தச் செலவும் வரும். லாக் எழுத நீங்களே ஒரு ராப்பர் கிளாஸ் செய்திருந்தால், எல்லா வரியிலும் ராப்பரின் மெதட்தான் தெரியும்.

உழைப்பை மெசேஜில் போடுங்கள். "ஸ்டாக் சரியில்லை" என்று ஏழு இடத்தில் இருந்தால் எந்தப் பெயர் ஒட்டியும் அரைகுறைதான். "லாட் 4127 வெட் ப்ளூ: கணக்கில் 240, எண்ணியதில் 236" என்று எழுதுங்கள், 'எண்ணியதில்' என்று சோர்ஸில் தேடினால் ஒரே இடம் சிக்கும், குடோனில் எந்த லாட்டைத் திரும்ப எண்ணுவது என்பதும் தெரியும்.

எக்செப்ஷன் வரும் இடத்தில் அதன் கெட்மெசேஜை மட்டும் ஒட்டாதீர்கள். எக்செப்ஷனையே கடைசி ஆர்குமென்டாகக் கொடுங்கள்; அதற்கென்று தனி {} (மதிப்பு வந்து உட்காரும் இடக்குறி) வேண்டாம். டீம் லீட் கேட்கும் கிளாஸ், மெதட், அதோடு வரி எண்ணும் ஸ்டாக் ட்ரேஸிலேயே வந்துவிடும்.