சிங்கப்பூர் கப்பல் பயணம்: கரையில் நாமே சுற்றுவது எப்படி?

சிங்கப்பூரில் ஏறி மலேசியாவின் போர்ட் கிளாங், பினாங்கு, தாய்லாந்தின் புக்கெட் போய்த் திரும்பும் கப்பல்களைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சில.

பினாங்கில் கப்பல் எட்டு மணி நேரம் நிற்கிறது. கப்பல் நிறுவனத்தின் டூர் எடுக்கத்தான் வேண்டுமா?

வேண்டாம். இந்தப் பாதையில் நாமே சுற்றுவதற்கென்றே அமைந்த ஊர் பினாங்கு. கப்பல் ஸ்வெட்டன்ஹாம் துறையில் நேராகக் கரையோடு அணையும். வாசலைத் தாண்டினால் ஜார்ஜ் டவுன். கார்ன்வாலிஸ் கோட்டை நடக்கிற தூரம். அங்கிருந்து லிட்டில் இந்தியா, குயின் தெரு மகாமாரியம்மன் கோயில் (1833), கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல், கூ கொங்சி என்ற சீனக் குல மாளிகை என்று நடந்தே பார்த்துவிடலாம். கோயிலை முதலில் வையுங்கள். நண்பகலில் நடை சாத்தினால் மாலையில்தான் திறப்பார்கள். அதற்குள் கப்பலுக்குத் திரும்பும் நேரம் வந்துவிடும்.

பினாங்கு மலையும் வேண்டும் என்றால் வரிசை மாறும். காலையில் இறங்கியதும் கிராப் (கைபேசிச் செயலியில் பிடிக்கும் வாடகைக் கார்) காரில் மலைக்குப் போய்விடுங்கள். விடுமுறை நாட்களில் மலை ரயிலுக்கு நிற்கும் வரிசை எப்போது நகரும் என்று யாராலும் சொல்ல முடியாது. அந்தத் தாமதம் காலையில் வந்தால் ஊர்சுற்றலில் கொஞ்சம் குறையும். மாலையில் வந்தால் கப்பலே போய்விடும். எந்தத் துறைமுகமானாலும் தூரத்து இடம் முதலில், பக்கத்து இடம் கடைசியில்.

போர்ட் கிளாங்கிலிருந்து பத்துமலை போய் வர முடியுமா? ரயில் இருக்கிறதாமே?

முடியும், ஆனால் ரயிலில் வேண்டாம். மலையடிவாரம் வரை ரயில் போவது உண்மைதான். கப்பல் நிற்கும் இடமோ பூலாவ் இண்டா தீவு. ரயில் நிலையத்துக்கே கார் பிடிக்க வேண்டும், நடுவில் வண்டியும் மாற வேண்டும். நாலைந்து பேர் சேர்ந்து முன்கூட்டியே ஒரு வேன் பேசிக்கொள்ளுங்கள். கப்பல் வந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் கிராப் தேடுவதால் அங்கே கார் கிடைப்பது சிரமம்.

கப்பல் மாலை 5 மணிக்குக் கிளம்பினால் கடைசியாக ஏற வேண்டிய நேரம் 4 அல்லது 4:30 ஆக இருக்கும். கணக்கை அதிலிருந்து பின்னோக்கிப் போடுங்கள். போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி, 272 படி ஏறி தரிசனம் செய்து இறங்க ஒன்றரை மணி, அதற்கு மேல் சாலை நெரிசலுக்கென்று முழுதாக இரண்டு மணி. அப்படியானால் காலை 9:30-க்குள் வேன் நகர்ந்திருக்க வேண்டும். இதோடு கோலாலம்பூர் இரட்டைக் கோபுரத்தையும் சேர்க்காதீர்கள்.

புக்கெட்டில் கரையிலிருந்து கப்பலுக்குத் திரும்பும் கடைசிப் படகைத் தவற விடுகிறார்களாமே, ஏன்?

பெரும்பாலும் கைபேசியால். தாய்லாந்து நேரம் சிங்கப்பூரை விட ஒரு மணி பின்னால். கப்பல் தன் கடிகாரத்தை மாற்றாமல் சிங்கப்பூர் நேரத்திலேயே ஓடினால், கடைசிப் படகு 4:30 என்பது கப்பல் நேரம். கரையில் இறங்கியதும் உங்கள் கைபேசி தானாகவே உள்ளூர் நேரத்துக்கு மாறிவிடுவதால், படகு கிளம்பும் அந்த நேரத்தில் அது 3:30 காட்டும். இன்னும் ஒரு மணி இருக்கிறதே என்று தேநீர்க் கடையில் உட்காரும்போது அங்கே படகு கிளம்பிக்கொண்டிருக்கும். முந்தைய இரவு அறைக்கு வரும், மறுநாள் நிகழ்ச்சிகளைச் சொல்லும் கப்பலின் தினசரித் தாளில் நேரம் மாறுகிறதா என்று பாருங்கள். கைபேசியில் தானாக நேரம் மாறுவதை நிறுத்திவிடுங்கள், இல்லையென்றால் கைக்கடிகாரம் கட்டிக்கொள்ளுங்கள். ஓட்டுநரிடம் பேசும்போது மட்டும் தாய்லாந்து நேரம்.

ஓட்டுநருக்கு முன்பணம் கட்டலாமா?

கப்பல் அங்கே நிற்காவிட்டால் முழுப் பணமும் திரும்பும் என்று எழுத்தில் வாங்கிய பிறகே கட்டுங்கள். புக்கெட்டின் படோங் கடற்கரையில் பெரிய கப்பல் தள்ளி நங்கூரமிட்டு, சிறு படகில்தான் ஆட்களைக் கொண்டுவரும். மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் அலை உயர்ந்தால் கேப்டன் அந்தத் துறையையே விட்டுவிட்டுப் போகலாம். அலை இல்லாவிட்டாலும் முதல் படகுகள் கப்பல் டூர் எடுத்தவர்களுக்குப் போகும்; கப்பல் வந்து ஒன்றரை மணி கழித்து ஓட்டுநரை வரச் சொல்லுங்கள். பீபீ தீவுக்கு மட்டும் கப்பல் டூரிலேயே போங்கள். கடல் கெட்டால் திரும்பும் படகு தாமதமாகும். கப்பல் தன் டூரில் போனவர்களுக்காகக் காத்திருக்கும், உங்களுக்காக நிற்காது.

விசா?

சிங்கப்பூர் விசா பலமுறை நுழையும் வகையாக இருக்கட்டும். கப்பல் ஏறினாலே நாட்டை விட்டு வெளியேறிய கணக்கு.

உண்மையிலேயே கப்பல் போய்விட்டால்?

தினசரித் தாளில், அந்த ஊரில் கப்பல் நிறுவனத்துக்காக வேலை பார்க்கும் துறைமுக ஏஜென்ட் எண் இருக்கும். கரை இறங்கும் முன் அதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். தாமதமாகிறது என்று தெரிந்த உடனே, துறைமுகம் வந்து சேரும்வரை காத்திராமல், அழையுங்கள். அடுத்த ஊருக்குப் போகும் விமானச் செலவு உங்களுடையது. நுழைவு அனுமதியும் தனியாகப் பார்க்க வேண்டியிருக்கும். சில கப்பல்கள் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்ளும் என்பதால் அதன் நகல், கப்பல் அட்டை, ஒரு வங்கி அட்டை, இரண்டு நாளைக்கான மாத்திரை இவை எப்போதும் கைப்பையில் இருக்கட்டும்.