பால் கறப்பது குற்றமா?

கேள்வி: தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன் நான். அப்பா பால்மரம் (ரப்பர்) சீவினார், அம்மா மாடு வளர்த்தார். அந்தப் பால் காசில்தான் நாங்கள் படித்தோம். இன்றும் தாமான் (குடியிருப்பு) பின்புறம் ஆறு மாடு வைத்திருக்கிறேன். கோலாலம்பூரில் படிக்கும் என் மகள் இப்போது ‘வீகன்’ ஆகிவிட்டாள். இறைச்சி, முட்டை மட்டுமல்ல, பால், தயிர், நெய், தேன்கூடத் தொடமாட்டாளாம். நான் மாட்டைக் கொடுமைப்படுத்துகிறேனாம். தைப்பூசத்துக்குப் பால்குடமும் எடுக்கமாட்டேன் என்கிறாள். வெள்ளைக்காரன் கிளப்பிவிட்ட மோஸ்தர் இது. மாட்டுப் பொங்கல் கொண்டாடும் நம்மிடமா வந்து சொல்வது? வெள்ளிக்கிழமை தவறாமல் சைவம் இருக்கிற குடும்பம் ஐயா. அவளுக்கு உறைக்கும்படி நாலு வார்த்தை எழுதுங்கள். (வாசகர், பெஸ்தாரி ஜெயா)

பதில்: எழுதுகிறேன் ஐயா. ஆனால் நாலு வார்த்தையில் மூன்று உங்களுக்கு, ஒன்றுதான் மகளுக்கு.

மோஸ்தர் விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். வீகன் என்ற பெயரில் சங்கம் தொடங்கியது இங்கிலாந்தில், 1944இல். அது சரி. ஆனால் பாலும் முட்டையும் தேனும் பிற உயிர்களிடமிருந்து பறித்தவை என்று சொல்லி ஒதுக்கிய அபுல் அலா அல் மஅர்ரி, அதற்கு ஏறக்குறைய தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முன் சிரியாவில் வாழ்ந்த அரபுக் கவிஞர். சரி, வெள்ளைக்காரனே கொண்டுவந்ததாக இருக்கட்டும். பிரேசிலில் இருந்த பால்மரத்தையும் ஆப்பிரிக்காவில் இருந்த செம்பனையையும் இங்கே கொண்டுவந்தது யார்? அதை வைத்துத்தானே ஐயா நாம் மூன்று தலைமுறை பிழைத்தோம்.

இப்போது மாட்டுக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் ஆறு மாடு இருக்கிறது, பால் இருக்கிறது, பால் காசு இருக்கிறது. காளைக்கன்று மட்டும் எங்கேயும் காணோம்.

கன்று போடாமல் எந்தப் பசுவும் கறக்காது. ஒன்பது மாதம் சுமந்து அது போடும் கன்றுகளில் பாதி காளை. இத்தனை வருடமாக உங்கள் கொட்டகையில் பிறந்த காளைக்கன்றுகள் எல்லாம் எங்கே போயின? வண்டி இழுக்கப் போயிருக்காது. தோட்டத்தில் மாட்டு வண்டி ஓடிய காலம் எப்போதோ முடிந்துவிட்டது. ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கும்போது வியாபாரி வந்து கேட்டிருப்பார், நல்ல விலைக்குக் கொடுத்திருப்பீர்கள். கறவை வற்றிய பசுவும் அதே லாரியில்தான் ஏறியிருக்கும். இதற்காக உங்களை நான் குறை சொல்லவில்லை. பால் தராத மாட்டுக்கு இன்னும் பத்து வருடம் தீனி போடு என்று ஆறு மாட்டுக்காரரிடம் சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் ‘நாங்கள் மாட்டைக் கும்பிடுகிறவர்கள்’ என்று சொல்லிக்கொள்வதற்கு அந்த லாரி தேவைப்படுகிறது இல்லையா? வெட்டுகிற பாவம் வேறொருவருக்கு, பாலும் பொங்கலும் நமக்கு. உங்கள் மகள் பார்த்துவிட்டது இதைத்தான். அதை நீங்கள் மோஸ்தர் என்று எழுதியிருப்பதுதான் எனக்குப் புரியவில்லை.

இன்னொன்றும் கேட்கவேண்டும். உங்கள் மாடுகள் பகலில் எங்கே மேய்கின்றன? லயத்தில் இருந்த காலத்தில் தோட்டத்துப் புல் இருந்தது. துரை முணுமுணுத்தாலும் விட்டுவைத்தார். தோட்டம் கைமாறி, வீடமைப்புக்குப் போய், சனங்கள் மலிவு விலை வீட்டுக்குக் குடிவந்தபோது மேய்ச்சல் நிலத்தை யாரும் கூடவே கொடுக்கவில்லை. மாடு மட்டும் நம்மோடு வந்தது. அதனால் இன்று பல தோட்டப்புற ஊர்களில் அது சந்தைக்குப் பின்னால் பிளாஸ்டிக் பையை மெல்கிறது, இரவில் சூடான தார்ச் சாலையில் படுக்கிறது, மோட்டார் சைக்கிளில் வரும் பையனின் உயிரையும் சில நேரம் எடுத்துவிடுகிறது. நகராண்மைக் கழகம் பிடித்துக்கொண்டு போனால் ‘தமிழன் மாடு என்றால் இளக்காரம்’ என்று நமக்குக் கோபம் வருகிறது. அந்தக் கோபத்தில் நியாயமும் உண்டு. நிலத்தைப் பறித்தவர்களை யாரும் பிடித்துக்கொண்டு போகவில்லை. ஆனால் வயிற்றில் பிளாஸ்டிக்கோடு திரியும் மாட்டுக்கு அந்த வரலாறு தெரியாது. உங்கள் ஆறும் கட்டுத்தறியில் தீனி தின்கின்றன என்றால் இந்தப் பத்தி உங்களுக்கு இல்லை, பக்கத்துத் தெருக்காரருக்கு.

மூன்றாவது, அந்த வெள்ளிக்கிழமை சைவம். மற்ற ஆறு நாள் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. நானே சொல்கிறேன்: கோழி. மலேசியர் ஒருவர் ஆண்டுக்குச் சராசரியாக ஏறத்தாழ 50 கிலோ கோழி இறைச்சி சாப்பிடுகிறார். உலகத்திலேயே அதிகம் கோழி தின்னும் நாடுகளில் நாமும் ஒன்று. தலைக்கு இருபத்தைந்து, முப்பது கோழி வரும். குடும்பத்தில் ஐந்து பேர் என்றால் நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டில் மாட்டைப் பற்றி அப்பாவும் மகளும் மாதக்கணக்கில் சண்டை போடுகிறீர்கள். இந்தக் கோழிகளைப் பற்றி ஒரு வரிகூட உங்கள் கடிதத்தில் இல்லை.

மாடாவது கண்ணெதிரே நிற்கிறது, பெயர் சொன்னால் திரும்பிப் பார்க்கிறது. கறிக்கோழிக்கு ஆயுள் ஐந்து, ஆறு வாரம். அதற்குள் இரண்டு கிலோவுக்கு ஊதவைத்துவிடுகிறார்கள். உடம்பு ஏறும் வேகத்துக்குக் கால் தாங்காமல் உட்கார்ந்துவிடும் கோழிகள் உண்டு. முட்டைக்கோழியின் கதை இன்னும் மோசம். கம்பிக் கூண்டில் ஒரு கோழிக்குக் கிடைக்கும் இடம் ஓர் ஏ4 தாளைவிடச் சிறியது. இறக்கையை விரிக்கவும் முடியாது, மண்ணைக் கிளறவும் முடியாது. ஓர் ஆண்டுக்கு மேல் அப்படியே. அந்த இனத்தில் பொரிக்கும் சேவல் குஞ்சு முட்டையும் போடாது, கறிக்கும் தேறாது என்பதால் பிறந்த அன்றே அழிக்கப்படுகிறது. இதுவும் உங்கள் காளைக்கன்றின் கதைதான். கன்றாவது கொஞ்ச நாள் வாழ்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் இந்தச் சாதாரணக் கம்பிக் கூண்டுகளை 2012இலேயே தடை செய்துவிட்டது. சேவல் குஞ்சுகளைக் கொல்வதை ஜெர்மனி 2022 முதல் தடுத்திருக்கிறது. நம் நாட்டில் கூண்டுக்குத் தடை இல்லை. 2025 ஆகஸ்டு 1ஆம் தேதி முட்டைக்கான மானியமும் விலைக் கட்டுப்பாடும் முடிவுக்கு வந்தபோது நாம் எல்லாரும் கேட்ட ஒரே கேள்வி, ‘விலை ஏறுமா?’

சட்டமே இல்லை என்று நினைக்காதீர்கள். 1953ஆம் ஆண்டுச் சட்டத்தில் மிருகவதைக்குப் பல காலம் இருந்த அபராதம் வெறும் 200 ரிங்கிட். 2015ஆம் ஆண்டு விலங்குநலச் சட்டத்தில் அது 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை. மூன்று ஆண்டு வரை சிறையும் உண்டு. 2018இல் கோம்பாக்கில் கர்ப்பிணிப் பூனை ஒன்றை டோபிக் கடையின் உலர்த்தும் இயந்திரத்தில் போட்டுக் கொன்ற ஒருவருக்கு 34 மாதச் சிறையும் 40,000 ரிங்கிட் அபராதமும் கிடைத்தன. நாடே கொதித்தது, கொதித்தது நியாயம்தான். அதே சட்டம் ஒரு விலங்கு அதன் இயல்புப்படி நடந்துகொள்ளும் தேவையையும் உரிமையாளர் கவனிக்க வேண்டும் என்கிறது. இறக்கையை விரிப்பதும் மண்ணைக் கிளறுவதும் கோழியின் இயல்பில் சேருமா சேராதா? பூனைக்குக் கொதித்த யாரும் இதைக் கேட்டு நான் பார்க்கவில்லை.

சரி, மகளுக்குரிய வார்த்தை. இந்தப் பக்கத்தை அப்படியே அவரிடம் கொடுங்கள்.

அம்மா, உங்கள் அப்பா கன்றை முதலில் ஊட்டவிட்டு, பால் இறங்கியதும் அதே பசுவின் பக்கத்தில் கட்டிவிட்டுக் கறந்து, மிச்சத்தைக் கன்றுக்கு விடுகிறவராக இருந்தால், பெரிய பால் பண்ணையில் பிறந்த சில மணி நேரத்தில் தாயிடமிருந்து பிரிக்கப்படும் கன்றையும் இதையும் ஒரே சொல்லால் திட்டுவது சரியில்லை. இரண்டும் சுரண்டல் என்பது உங்கள் வாதமாக இருக்கலாம். அப்படியே இருக்கட்டும். ஆனால் கன்றுக்கு அந்த வித்தியாசம் பெரிது.

அப்புறம், உங்கள் தட்டும் சுத்தமில்லை. நாட்டிலேயே முதன்முதலாக 1917இல் வணிக நோக்கில் செம்பனை நட்ட தென்னமரம் தோட்டம் உங்கள் ஊர்ப் பக்கம்தான். வீகன் என்று முத்திரை குத்திய பிஸ்கட், மார்ஜரின், சோப்பு பலவற்றிலும் இருப்பது அந்த மரத்தின் எண்ணெய். காட்டை அழித்து நட்ட மரம். குலையைக் கடிக்கும் எலிக்கு அங்கே விஷம் வைக்கிறார்கள். அந்த எலியைத் தின்று ஆந்தையும் சாகிறது. எலியைப் பிடிக்க ஆந்தைக்கே பெட்டி கட்டிவைத்து விஷத்தைக் குறைக்கும் தோட்டங்களும் உண்டு. உங்களைப் போன்றவர்கள் கேட்க வேண்டிய எண்ணெய் அதுதான். நண்பர்களிடம் பாதாம் பால் பற்றிப் பேசும் நேரத்தில் இதையும் கொஞ்சம் பேசலாம்.

(இதைப் படித்ததும் அப்பா சந்தோஷப்படுவார். வேண்டாம் ஐயா. நீங்கள் மாட்டுக்கு வாங்கிப் போடும் செம்பனைப் பிண்ணாக்கும் அதே தோட்டத்து மரத்தில் காய்த்ததுதான். எலிக் கணக்கில் உங்களுக்கும் பங்கு உண்டு. போதாக்குறைக்கு, கடையில் தே தாரிக்கில் ஊற்றும் இனிப்புப் ‘பாலில்’ பெரும்பாலும் பால்மாவோடு கலந்திருப்பதும் செம்பனை எண்ணெய்தான். வேண்டுமானால் தகரத்தைத் திருப்பிப் படித்துப் பாருங்கள்.)

பால்குட விவகாரத்தில் நான் மகள் பக்கம். நேர்த்திக்கடன் அவருடையது. இளநீரும் பன்னீரும் அபிஷேகப் பொருள்கள்தான், அவர் இளநீர்க் குடம் எடுக்கட்டும். உங்கள் குடத்தில் உங்கள் மாட்டுப் பாலை ஊற்றிக்கொள்ளுங்கள். பேரங்காடிப் பாக்கெட்டை வெட்டி ஊற்றுகிறவர்களை நினைத்தால் அது எவ்வளவோ மேல். கோயில் குழுவை இதில் இழுக்காதீர்கள், அவர்களுக்கு ஏற்கனவே சண்டை போடப் போதிய விஷயம் இருக்கிறது.

மாடுகளை விற்றுவிடவா என்று நீங்கள் கேட்கவில்லை, கேட்காதது நல்லது. வாங்கப்போவது யார் என்று இருவருக்கும் தெரியும். காளைக்கன்றை என்ன செய்வது என்பதை மட்டும் மகளோடு உட்கார்ந்து பேசுங்கள். சினை ஊசி போடும்போதே கேட்க வேண்டிய கேள்வி அது. முட்டை வாங்கினால் கூண்டில் அடைக்காத கோழியின் முட்டையா என்று கடைக்காரரிடம் கேளுங்கள். இல்லை என்பார், விலையும் கூட என்பார். நாலு பேர் திரும்பத் திரும்பக் கேட்டால் கொண்டுவந்து வைப்பார்.

மகள் விடுமுறைக்கு வரும்போது தோசைக்கு நெய் விடாதீர்கள், சாம்பாரை எண்ணெயில் தாளியுங்கள். சோயாவில் செய்யும் தவ்வும் தெம்பேயும் நம் ஊர்ச் சந்தையிலேயே கிடைக்கின்றன, புரதத்துக்குக் குறை வராது. ஆனால் பி 12 வைட்டமின் செடி கொடிகளில் நம்பும்படி கிடைக்காது; அது குறைந்தால் இரத்தசோகையும் நரம்புக் கோளாறும் வரும், அதுவும் சில வருடம் கழித்து மெதுவாக. மருந்துக்கடையில் மாத்திரை இருக்கிறது. சாப்பிடுகிறாரா என்று கேளுங்கள். இல்லையென்றால் வாங்கிக் கொடுங்கள்.