இந்தத் தலைப்பில் பிஎச்.டி. செய்தால் வேலை கிடைக்குமா?

ஐயா, தமிழிலும் அமெரிக்க இலக்கியத்திலும் பாலின அடையாளம் எப்படி எழுதப்படுகிறது என்று ஆய்வு செய்யப்போவதாக உங்கள் மகள் சொன்னதும், "இதுக்கெல்லாம் யார் வேலை கொடுப்பாங்க?" என்று பதறியிருக்கிறீர்கள். கல்லூரி வேலைக்கு முதலில் பார்ப்பது முதுகலைப் பாடத்தையும், நெட், செட் என்ற கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வுகளின் தேர்ச்சியையும்தான். எம்.ஏ. ஆங்கிலம் படித்தவர் ஆங்கிலத் துறையிலேயே பிஎச்.டி. பதிவு செய்தால், தலைப்பு எதுவானாலும் அவர் ஆங்கில ஆசிரியர்தான்.

இரண்டு மொழி இலக்கியத்தை ஒப்பிடுவதால் ஒப்பிலக்கியத் துறைக்கு மாறத் தோன்றலாம்; அதைத்தான் நான் தடுப்பேன். ஒப்பிலக்கியம் நெட்டில் தனிப்பாடம். ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தில் 1956 முதல் தனித்துறையே இருக்கிறது. ஆனால் நம் ஊர்க் கல்லூரிகளில் அந்தப் பெயரில் பணியிடம் அரிது.

சொந்தக்காரர்கள் என்ன நினைப்பார்கள் என்றும் கேட்டீர்கள். கல்யாணப் பத்திரிகையில் பட்டத்தைத்தான் போடுவார்கள், ஆய்வுத் தலைப்பை இல்லை.

எனக்கு உறுத்துவது வேறு: தலைப்பு ரொம்ப அகலம். யார் எழுதுகிறார்கள் என்ற ஒரே கேள்வியைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். திருநங்கைகளின் வாழ்க்கையை 1994-ல் 'வாடாமல்லி' நாவலாக்கிய சு. சமுத்திரம் வெளியிலிருந்து பார்த்து எழுதியவர். ஆண், பெண் என்ற இரண்டிலும் அடங்காத உடலோடு பிறந்த இடைப்பாலினர் ஒருவரே கதை சொல்வதாக 2002-ல் 'மிடில்செக்ஸ்' நாவலை எழுதிய அமெரிக்கர் ஜெஃப்ரி யூஜெனிடிசும் அப்படித்தான். அப்புறம் சம்பந்தப்பட்டவர்களே பேனா எடுத்தார்கள்: இங்கே திருநங்கை ஏ. ரேவதி, அமெரிக்காவில் 2014-ல் திருநங்கை ஜேனட் மாக். ரேவதி தமிழில் எழுதிய தன்வரலாறு 2010-ல் முதலில் ஆங்கிலத்தில்தான் வெளிவந்தது. தமிழில் 'வெள்ளை மொழி' அதற்குப் பிறகு. சொந்த ஊர் வாசகர்களுக்கு முன்னால் ஆங்கில வாசகர்கள் ஏன் படித்தார்கள்? இந்த ஒரு கேள்வியே ஓர் அத்தியாயம் தாங்கும். இரண்டு மொழியிலும் சரளமாகப் படிக்கிறவரால்தான் அதை எழுத முடியும். உங்கள் மகளின் பலம் அதுதான். பின்னாளில் பதிப்பகம், மொழிபெயர்ப்பு என்று போனாலும் கைகொடுக்கும்.

பணத்துக்கு, நெட் தேர்வு வழியாகக் கிடைக்கும் ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை இருக்கிறது. கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய், வீட்டு வாடகைப்படி தனி. வயது வரம்பு 30. பெண்களுக்கு 5 ஆண்டு தளர்வு உண்டு. அதனால் எம்.ஏ. கடைசி ஆண்டிலேயே நெட் எழுதட்டும். சேருவதற்கு முன், நெறியாளராக வரப்போகிறவர் தமிழ் நாவல்களைத் தமிழிலேயே படிப்பவரா என்று அவருடைய பழைய மாணவர்களிடம் விசாரிக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் வேறு நெறியாளரைத் தேடலாம். தலைப்பை மாற்ற வேண்டாம்.