பேச்சு வராத பிள்ளைக்கு ஐ.க்யூ. 64?

கேள்வி: என் மகனுக்கு நாலரை வயது. இரண்டு வார்த்தைக்கு மேல் சேர்த்துப் பேசுவதில்லை. பினே-காமத் என்ற அறிவுத்திறன் சோதனை செய்து, ‘ஐ.க்யூ. 64, லேசான அறிவுத்திறன் குறைபாடு’ என்று எழுதித் தந்துவிட்டார்கள். வீட்டிலோ ஜிக்சா படத்தை யார் உதவியும் இல்லாமல் அடுக்குகிறான். எதை நம்புவது?
– ஒரு வாசகி, தேனி

பதில்: அந்த 64-ஐ இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள், அம்மா. பினே-காமத்தில் பெரும்பாலும் காதால் கேட்டு வாயால் பதில் சொல்ல வேண்டும். சொன்னதைத் திருப்பிச் சொல்லவே திணறும் பிள்ளைக்கு, விடை தெரிந்தாலும் மதிப்பெண் போய்விடும்.

முதலில் காதைப் பாருங்கள். சளியால் நடுக்காதில் நீர் கோத்திருந்தாலே பேச்சு மங்கலாகத்தான் கேட்கும். ஆடியாலஜிஸ்ட் (செவித்திறனைச் சோதிப்பவர்) பார்த்த பிறகு, பேச்சு தேவைப்படாத சோதனையைக் கேளுங்கள். லெய்ட்டர்-3 மூன்று வயதிலிருந்தே செய்யலாம்; சோதிப்பவரும் சைகையில்தான் விளக்குவார். அது இல்லாத இடத்தில் செகுவின் பலகை வைப்பார்கள். பத்து மரக்கட்டைகளை அதனதன் பள்ளத்தில் பொருத்த வேண்டும். மூன்று வாய்ப்பு, மிகக் குறைந்த நேரமே கணக்கு. ஜிக்சா அடுக்குகிறவன் இதில் தேறக்கூடும். ஆனால் இது கண்ணும் கையும் சேர்ந்த வேகத்தைத்தான் காட்டும்; இதை மட்டும் வைத்து ஐ.க்யூ. எழுதினால் அதையும் ஏற்காதீர்கள். ரேவன் வண்ணப்படச் சோதனைக்கு இவன் இன்னும் சின்னவன். அதில் படத்தில் விடுபட்ட துண்டைச் சுட்டிக்காட்ட வேண்டும்; 36 படம், ஒவ்வொன்றுக்கும் தேர்ந்தெடுக்க ஆறு விடை. இந்த வயதில் பல பிள்ளைகள் படத்தையே பார்க்காமல், பக்கத்துக்குப் பக்கம் ஒரே மூலையில் விரலை வைத்துக்கொண்டு போவார்கள். அதையும் கூட்டி மதிப்பெண் போட்டால் என்ன பயன்?

ஐ.க்யூ. எண்ணை மட்டும் வைத்து ‘குறைபாடு’ என்று முடிவு கட்டவே கூடாது. அன்றாடச் செயல்களிலும் அவன் வயதுக்குப் பின்தங்கியிருக்க வேண்டும். அதற்காக வைன்லேண்ட் சமூக முதிர்ச்சி அளவுகோலில் உங்களிடம் கேள்வி கேட்பார்கள். அதிலும் பேச்சு சார்ந்த கேள்விகள் உண்டு. அதனால் மொத்த எண்ணோடு நிற்காமல், தானாகச் சாப்பிடுவது, உடுத்துவது போன்றவற்றைத் தனியே எழுதித் தரச் சொல்லுங்கள்.

கேள்வி: அறிவும் சற்றுக் குறைவு என்று வந்தால் பேச்சுப் பயிற்சி பலிக்காதாமே?
– அதே வாசகி

பதில்: அது பழைய எண்ணம். பேச்சுக்கும் மற்ற அறிவுக்கும் பெரிய இடைவெளி இருந்தால்தான் மொழிக் குறைபாடு என்ற நிபந்தனையை, 2017-இல் வெளியான வல்லுநர்களின் கூட்டு முடிவே கைவிட்டுவிட்டது. அதனால் எண் எதுவானாலும் பயிற்சியை இந்த வாரமே தொடங்குங்கள். ஐ.க்யூ. சோதனையை ஒரு வருடம் கழித்து மறுபடி செய்யலாம். ஆறு வயதுக்குள் வரும் எண் நிலையாக நிற்பதில்லை.